நீலக் கேனில் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை பாதிச் சோற்றில் எழுந்து மலையேறிப் போன என் மகனுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று கவிதா போனில் சொன்னாள். நீ பேசவில்லை. பேசியிருந்தாலும் "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்திருப்பாய். அங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்பது உனக்கு எப்போதுமே வசதி. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் எழுதும் கடுதாசி என்று சிரிக்காதே. எழுத்து விஷயத்தில் உன் அப்பாவைவிட நான் கெட்டி. கவரை ஒட்டாமல்தான் ஜீப்பு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் படித்தாலும் படிக்கட்டும். உன்னைப்போலப் புதிதாக ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து மேலே போயிருக்கும் மற்ற பிள்ளைகள் கைக்குப் போனாலும் போகட்டும். இதில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை.

வீட்டுச் சாமான் ஏற்றத்தான் நீயும் கவிதாவும் கீழே இறங்கி வந்தீர்கள். அவள் உண்டாகியிருக்கிறாள், இனிமேல் தோட்டத்து வீட்டிலேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விடிவதற்குள் தூக்குவாளியோடு போடிக்குப் போய், காய் எடுக்கப் போகும் ஜீப்புக்குக் காத்து நின்றவள் நான். என் பிள்ளை அதே மலையில் தோட்டம் பார்க்கப் போகிறான் என்றால் சும்மாவா? புதுப் பானை, மூடி, மொள்ளுவதற்கு நீளப் பிடி வைத்த சொம்பு எல்லாம் எடுத்துவைத்திருந்தேன். பானையை வைக்கோலில் பொதிந்து ஜீப்பில் வைக்கப் போனபோதுதான் பின்சீட்டுக்கு அடியில் அந்த இரண்டு நீலக் கேன்களைப் பார்த்தேன்.

"இது என்னடா அப்பு?" என்று கேட்டேன்.

"பூச்சிமருந்துக் கேன்மா, காலியானது. அடியில குழாய் வச்சுக் கொண்டுபோகலாம்னு போடிக்குக் கொண்டாந்தேன். நல்லாக் கழுவியாச்சு. சோப்பு போட்டு, வெந்நி ஊத்தி அலசி, காய் உலத்துற ஸ்டோர்ல காயோட காயா வச்சு எடுத்தாச்சு. கெட்டிக் கேனு. தண்ணி ஊத்தி நிழல்ல வச்சா ஜில்லுனு இருக்கும்."

"வாசம்?"

"நாலு காயத் தட்டிப் போட்டா ஒரு வாசமும் தெரியாது."

என் முகம் போன போக்கைப் பார்த்து, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு நீ இன்னொன்றும் சொன்னாய். "நமக்கில்லம்மா. காய் எடுக்க வர்றவங்களுக்குத்தான்."

அதற்கப்புறம் நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப்பார்த்தது. இலையில் சோற்றைப் போட்ட பிறகும் நான் விடவில்லை. "ஊர்ல எல்லாரும் செய்யிறதுதானம்மா, நீ ஒருத்திதான் பெருசு பண்ணுற" என்று சொல்லிவிட்டுக் கையை அலம்பினாய். கவிதா பாவம், உன்னையும் பார்த்து என்னையும் பார்த்து எழுந்து போனாள். திட்டியதற்கு எனக்கு வருத்தமில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சாப்பிடவிடாமல் அனுப்பியதற்கு வருத்தம் உண்டு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். ஆத்திரம் அடங்கிவிட்டது, இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் உன் வீட்டுத் தண்ணீர். நான் அனுப்பிய பானையை நானே தட்டிப் பார்த்து, வெயிலுக்கு நேரே தூக்கி உள்ளே பார்த்து வாங்கினேன். கணீரென்று சத்தம் வரவேண்டும். பொத்தென்று கேட்டால் எங்கேயோ கீறல் இருக்கிறது. கோடை வந்தால் ரோட்டோரம் பூப்போட்ட பானைகளைக் குழாய் வைத்து அடுக்கியிருப்பார்கள், பார்க்க லட்சணமாக இருக்கும். கவிதா அதைத்தான் கேட்டாள். வேண்டாம் என்றேன். பெயின்ட் அடித்த பானைக்கு வியர்க்காது. வியர்க்காத பானையில் தண்ணீர் குளிராது. பானை மேலெல்லாம் ஈரம் கசிந்து அது காற்றில் உலர்ந்தால்தான் உள்ளே குளிர்ச்சி. அதனால் ஜன்னலோரம், காற்றோட்டமான நிழலில், ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி நனைத்து அதன்மேல் உட்கார்த்தி வையுங்கள். அடுப்புப் பக்கம் மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மா கொடுத்த பானை ஆகாது என்று சொல்லக் கூடாது. புதுப் பானையில் முதலில் நிறைய நீர் விட்டு ஒரு நாள் வைத்துக் கொட்டுங்கள், மறுபடி விட்டுக் கொட்டுங்கள். மண்வாசம் மட்டுப்பட்டதும் குடிக்கலாம். வாரத்துக்கொரு முறை தேங்காய் நாரால் உள்ளே தேய்த்து அலசி வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். சோப்பு மட்டும் ஆகவே ஆகாது.

ஏன் ஆகாது என்று உன் அப்பாவைக் கேள், சொல்லமாட்டார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் எனக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று, புதுப் பானைக்குள் துணி சோப்புத் தூளைக் கொட்டி, நுரை பொங்கப் பொங்கத் தேய்த்துவைத்தார். "பாரு, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்" என்று பெருமை வேறு. பத்துத் தரம் அலசினேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. குடித்தால் சவக்காரம். என் தம்பி விருந்துக்கு வந்தவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன் மச்சான், உள்ளயும் குளிச்சுட்டுப் போகட்டும்னு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். கடைசியில் அந்தப் பானையில் கோழிக்குத் தவிடு வைத்தோம். நீ சிரிப்பாய், சிரி. ஆனால் ஒன்றை மனதில் வை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கழுவிய தண்ணீரிலும் ஒன்றும் தெரியவில்லை, அப்படியும் பானைக்குள் இருந்தது. பாத்திரம் குடித்ததை நாம் பார்க்க முடியாது.

மேலே மழைக்காலத்தில் பானை உதவாது. சாரலும் மூட்டமுமாகக் காற்றே ஈரமாக இருக்கும்போது அது எப்படி உலரும், எப்படிக் குளிரும்? வெளிப்புறம் கருப்புக் கருப்பாகப் பூசணம்தான் பூக்கும். அந்த மாதங்களில் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து எவர்சில்வர் டிரம்மில் வையுங்கள். அந்தக் குளிரில் அதுவே பல் கூசும். பானையைக் காயவைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மாசிக்கு மேல் வெயில் ஏறியதும் இறக்கிக்கொள்ளலாம். கவிதாவுக்குச் சீராக வந்த செம்புக்குடத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து நன்றாக அலசிப் பச்சைத் தண்ணீர் மட்டும் வைக்கலாம். எலுமிச்சைச் சாறு, மோர் எதுவும் அதில் ஊற்றக் கூடாது. களிம்பு கண்டால் கண்டவுடன் தேய்க்க வேண்டும். பிரிட்ஜில் நீ அடுக்கும் கலர் பாட்டில்களைத் தூக்கிப்போடு. பச்சரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கினால் ஓரளவு பாசி விடும், முழுக்க விடாது. நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: என் கை முழுதாக உள்ளே போய், மூலைமுடுக்கெல்லாம் என் விரல் தொடாத பாத்திரத்தில் நான் தண்ணீர் வைப்பதில்லை.

இனி அந்தக் கேனுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன் என்பது உனக்கே தெரிந்திருக்கும்.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது நீ சொன்னாய், "மருந்தைக் குடிச்சுச் செத்தாளே பேச்சி, அவ மக செல்வியும் நம்ம தோட்டத்துக்குத்தான் வர்றாம்மா" என்று. நான் எழுந்து உள்ளே போனேன். ஊருக்குத் தெரிந்தது அதுதான், உனக்கும் அதுதான் தெரியும். பேச்சியும் நானும் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போய்வந்தவர்கள். உனக்கும் செல்விக்கும் அப்போது பல் முளைக்கிற வயது. சரிவில் குனிந்து குனிந்து செடியின் அடித்தூரில் காய் எடுக்கும்போது அவள் பக்கத்து வரிசையில் இருந்தால் நேரம் போவதே தெரியாது. யாரையாவது போலப் பேசிக் காட்டிச் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பாள். அவளிடம் இன்னொரு குணம் உண்டு. சரிவில் பெண்கள் ஒதுங்க மறைவான இடம் கிடையாது; கங்காணியும் ஆண்களும் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பார்கள். அதற்குப் பயந்து நாங்களெல்லாம் பொழுதுக்கும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. பேச்சி மட்டும் வயிறு நிறையக் குடிப்பாள். "போங்கடி, வெக்கத்தப் பாத்தா நாக்கு வறண்டுதான் சாகணும்" என்பாள்.

அப்போது நாங்கள் போன தோட்டத்தில் கங்காணி தங்கமான மனிதர். வெயில் கூடிவிட்டது, கீழே ஊற்றுவரை போய்க் குடித்துவிட்டு ஏறிவருவது பெண்களுக்குச் சிரமம் என்று அவராகவே ஒரு கேனைக் கழுவி எடுத்துவைத்தார். நீ சொன்ன அதே கேன்தான், நீ சொன்ன அதே கழுவல்தான். சோப்பு, சாம்பல், வெந்நீர். கடைசியில் காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டில் வைத்து எடுத்தார். அந்த ஸ்டோருக்குள் எதை வைத்து எடுத்தாலும் ஏலக்காய் வாசம்தான் வரும், உன் செருப்பை வைத்தாலும் வரும். மருந்து வாசம் போய்விட்டது என்று எல்லோரும் நம்பினோம். போதாததற்கு உடைந்த காய்களை ஒரு பிடி தட்டி உள்ளே போட்டார். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் மோந்து பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். காய் விளைகிற மலையில் இருக்கிற நமக்குத்தான் அந்தக் கதி. எதையும் நாலு காயைப் போட்டு மணக்கவைத்துவிடுவோம்.

கேனை நிரப்பி மேல் வரிசைக்குத் தூக்கிவந்தது பேச்சி. செங்குத்தான சரிவு, அதனால் தோளில் படுக்கப்போட்டுப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இறக்கிவைத்ததும் தூக்குவாளி மூடியில் ஊற்றி முதலில் அவளே குடித்தாள். இரண்டாவது மூடியும் குடித்தாள். "ஏலக்காத் தண்ணியாம்டி, மகராணிக நம்ம. வாங்க, குடிங்க" என்று கூப்பிட்டாள். நான் வழக்கம்போல ஒரு வாய் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தால் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உடம்பெல்லாம் வேர்வை, வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகுகிறது. "கண்ணு மங்குது, என்னமோ பண்ணுது, நெஞ்ச அடைக்குது" என்றாள். எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தலை சுற்றல்தான், வாந்தியோடு போயிற்று. அவளை ஜீப்பில் போட்டுக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் இறங்கினோம். தலை என் மடியில் இருந்தது. எத்தனை வளைவு இறங்கினாலும் ஊர் தெரியவே இல்லை. அப்பு, ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது என் மடியில் பேச்சி உயிரோடு இல்லை.

உடம்பில் மருந்து இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், ஊர் முடிவு கட்டிவிட்டது. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த பெண் உடம்பில் மருந்து இருந்தால் அவளே குடித்திருக்க வேண்டும். புருஷனோடு சண்டையாக இருக்கும், மாமியாரோடு சண்டையாக இருக்கும். முதல் நாள் சாயங்காலம் அவள் புருஷனிடம் சத்தம் போட்டதைக் கேட்ட சாட்சிகளெல்லாம் முளைத்தார்கள். நான் கேனைச் சொன்னேன், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். "நீயும்தான குடிச்ச, உனக்கு ஏன் ஒண்ணும் ஆகல? நீ என்ன டாக்டரா?" என்று வாயை அடைத்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தக் கேனைக் காணோம். கங்காணியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பயந்திருப்பார். நல்லது செய்யப் போய் இப்படியானால் யார்தான் பயப்படமாட்டார்கள்.

எனக்கே அது நெடுநாள் விளங்கவில்லை. அத்தனை தரம் கழுவிய கேனில் மருந்து எப்படித் தங்கியது? பிறகு ஒரு நாள் உன் அப்பா அதேபோன்ற காலிக் கேன் ஒன்றைக் கொண்டுவந்து, பாதியாக வெட்டிக் கறிவேப்பிலைச் செடி வைக்கிறேன் என்று ரம்பத்தால் அறுத்தார். கைப்பிடியோடு சேர்த்து அறுத்துவிட்டார். அந்தக் கைப்பிடி உள்ளே பொள்ளல், குழாய் மாதிரி. கேனின் வாய் வழியாக எந்தப் பிரஷ்ஷும் அதற்குள் போகாது, ஊற்றுகிற வெந்நீரும் சரியாக ஏறாது. உள்ளே மருந்து வெள்ளையாகத் தடித்து உறைந்திருந்தது. அறுத்த சூட்டில் குப்பென்று வந்த நாற்றத்தில் உன் அப்பா ரம்பத்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கேனைப் படுக்கப்போட்டுத் தூக்கினால் தண்ணீர் அந்தக் கைப்பிடிக்குள் போய் ஊறும். இறக்கி ஊற்றும்போது முதலில் குடிப்பவளுக்கு அதெல்லாம் சேர்ந்து வரும். அன்று அப்படித்தான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது, அந்தக் கேனை நான் அறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் பேச்சியை எனக்குத் தெரியும். மருந்தைக் குடிக்கப் போகிறவள் எங்களைக் கூப்பிட்டுப் பங்கு வைக்கமாட்டாள்.

அவள் போனதோடு முடிந்ததா? செல்வியை அத்தைக்காரி வளர்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு வாசலில் நின்று "மருந்தக் குடிச்சவ மகளா?" என்று விசாரித்துவிட்டுப் போனது எத்தனை தரம் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில், கோவிலில், ஜீப்பில் எல்லாம் அந்தப் பேச்சுத்தான். தன் தாய் தன்னை விட்டுவிட்டுப் போக முடிவு செய்தவள் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பெண் வளர்ந்திருக்கிறாள். அவளிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவாள். "நீங்க எங்கம்மா மேல பாசத்துல சொல்றீக அத்தே" என்பாள். நம்பவில்லை. நீயும் நம்பியிருக்கமாட்டாய், அதனால்தான் உன் வாயிலும் அந்த வார்த்தை வந்தது. இனி என் பிள்ளை வாயில் அது வரக் கூடாது.

இப்போது உன் கேனைப் பற்றிச் சொல்கிறேன். நீ கெட்டவன் இல்லை, அந்தக் கங்காணியும் கெட்டவர் இல்லை. ஆனால் "நமக்கில்லம்மா" என்று சொன்னாயே, அந்த வார்த்தையில் என்னவோ இருக்கிறது. கேன் அவ்வளவு சுத்தமாக இருந்தால் நமக்கு ஏன் இல்லை? கவிதாவுக்கு ஏன் இல்லை? உனக்குள்ளேயே ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைக் காய் எடுக்க வருகிறவர்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு நீ நிம்மதியாக இருக்கப் பார்க்கிறாய். உன் அம்மாவும் காய் எடுக்கப் போனவள்தான். நீ "வர்றவங்க" என்று சொன்னபோது அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன்.

ஆகையால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், வெரசாகச் செய். அந்தக் கேன்கள் இரண்டையும் அடியில் ஆணியடித்து ஓட்டையாக்கு. சும்மா தூக்கிப்போட்டால் இன்னொருத்தி எடுத்துப்போய்க் கழுவுவாள். கொளுத்தினால் அந்தப் புகை ஊருக்குக் கெடுதல். எங்கே ஒப்படைக்கலாம் என்று மருந்து வாங்கிய கடையில் கேள், வேளாண்மை ஆபீசில் கேள். ஆட்களுக்கு வாய் அகன்ற எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கு, உன் கை உள்ளே போகிற அளவில். சாக்கை நனைத்துச் சுற்றி மரத்தடியில் வைத்தால் அதுவே குளிரும். வேலை முடிந்ததும் தினமும் கவிழ்த்துக் காயவைக்கச் சொல். மருந்தடிக்கிற சரிவுக்கு மேலேயிருந்து மட்டும் தண்ணீர் பிடி. கீழேயுள்ள ஊற்று எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம். இன்னொன்று, இது எல்லாவற்றையும்விட முக்கியம். நாலு கம்பு நட்டுத் தகரம் அடித்துப் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கட்டு. இல்லாவிட்டால் நீ அமிர்தத்தையே கொண்டுபோய் வைத்தாலும் அவர்கள் நாக்கைத்தான் நனைப்பார்கள்.

நீ இதைப் படித்துவிட்டு மறுபடியும் "சரிம்மா" என்பாய். உன் சரிம்மாவை முப்பது வருஷமாக எனக்குத் தெரியும். வருகிற திங்கட்கிழமை காய் எடுப்பு ஆரம்பம் என்றாய் அல்லவா? அந்த ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் சொல்லிவைத்துவிட்டேன். உன் அப்பா முழங்காலைக் காட்டி வேண்டாம் என்கிறார். அவர் முழங்காலைவிட என் முழங்கால் தேவலை. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன், அவள் வரிசையில் நின்று என்னால் முடிந்த காயை எடுக்கிறேன். தோட்டக்காரனின் அம்மா என்று எனக்குத் தனியாக வீட்டிலிருந்து சொம்பில் எதையும் கொண்டுவந்து நீட்டாதே, வாங்கமாட்டேன். அவர்களுக்கு எதில் தண்ணீர் வைக்கிறாயோ அதில்தான் நானும் குடிப்பேன். முதல் டம்ளர் எனக்கு. அதை உன் கையாலேயே பிடித்துக் கொடு.

அம்மா